பகல் தூக்கத்துக்கு ஒரு ஜன்னல்

சங்கமித்ரா நைட் டூட்டிக்குப் போக ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ராயபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. மகள் மகிழினி காலேஜில் சேர்ந்தபோது, நைட்டுக்குக் கூடுதலாகத் தருகிற அலவன்ஸுக்காக, ஒரே ஒரு வருஷம் என்று சொல்லித்தான் போனாள். மகிழினி படித்து முடித்து, ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. அந்த அலவன்ஸ் வேண்டாம் என்று சொல்லும் நாள் மட்டும் வரவில்லை.

ராத்திரி விழித்திருப்பது பழகிவிட்டது. பகலில் தூங்குவதுதான் பழகவில்லை. மணலி புதுநகரில் அவள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் காலையிலேயே வரிசை கட்டி நின்றுவிடும். முன்னால் ஒரு லாரி நகரத் தாமதித்தால் பின்னால் பத்து லாரி ஹாரன் அடிக்கும். புருஷன் அன்பரசனும் கண்டெய்னர் லாரி டிரைவர்தான்.

"இன்னாத்துக்குய்யா இப்டி அடிச்சிகினே கீறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"முன்னாடி கீறவன் தூங்கிட்டான்னா இன்னா பண்ணச் சொல்ற?" என்றான் அவன்.

படுக்கிற அறையின் ஜன்னல் பழைய இரும்புச் சட்டம். துருப்பிடித்து, மூடினாலும் இரண்டு விரல் நுழையும். சந்தில் புடவைத் துணியைத் திணித்துப் பார்த்தாள், காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கண் அசரவில்லை. போன மாசம் ஒரு காலையில், ஒன்பதாம் பெட்டுக்கான மாத்திரைக் கிண்ணத்தைப் பத்தாம் பெட்டில் வைத்துவிட்டாள். நர்ஸ் ஜூடி பார்த்ததால் ஒன்றும் ஆகவில்லை. "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா நீங்க வூட்டுக்குப் போயி தூங்கணும்" என்றாள் ஜூடி. அந்த வாரமே, ஜன்னல் மாற்ற, பி.எஃப். பணத்தில் நாற்பதாயிரம் கேட்டு எழுதிக் கொடுத்தாள் சங்கமித்ரா.

கல்மண்டபத்தில் புது மாதிரி ஜன்னல் போட்டுத் தருகிற கடை ஒன்று இருந்தது. "பேரம் நான் பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்று சொல்லியிருந்த அன்பரசன், அன்றைக்குத் துறைமுக கேட்டில் இரண்டாம் நாளாக மாட்டிக்கொண்டிருந்தான். டூட்டி முடிந்து எட்டு மணிக்கு அவள் தனியாகவே போனாள். கடை பத்து மணிக்குத்தான் திறக்குமாம். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஷட்டரைத் தூக்க வந்தவள் ஷாஸியா. முப்பது வயசிருக்கும். அவளுடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து கடையை அவள்தான் பார்க்கிறாள்.

"இன்னாக்கா, எவ்ளோ நேரமா குந்திகினு கீறீங்க?"

"இப்பத்தாம்மா வந்தேன்" என்று பொய் சொன்னாள் சங்கமித்ரா.

வீட்டின் மூன்று ஜன்னலுக்குமான அளவை அவள் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தாள். இரட்டைக் கண்ணாடி போட்ட தள்ளு ஜன்னல் மூன்று, ஐம்பத்தேழாயிரம் ஆகும் என்றாள் ஷாஸியா.

"கொஞ்சம் பாத்துப் போடும்மா."

"பாத்துத்தாங்க்கா போட்டுகீறேன்."

அன்பரசன் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. "வேற கடையில நாப்பதுக்கே தராங்களாம்."

"எந்தக் கடைக்கா?"

சங்கமித்ரா யோசித்தாள். ஒரு கடை பேரும் வாயில் வரவில்லை. "தெரிலம்மா. வூட்டுக்காரர் அப்டி சொல்லச் சொன்னாரு."

ஷாஸியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த தோஷத்துக்கு நாலாயிரம் குறைத்தாள். ஐம்பத்து மூன்று. அதற்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்க முடியாது என்று சத்தியம் செய்தாள். இந்த இடத்தில் எழுந்து வாசல்வரை போக வேண்டும், போனால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். அதையும் அன்பரசன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். எழுந்திருக்கத்தான் அவளுக்குக் கால் வரவில்லை. ஷாஸியா சொல்லியனுப்பிய டீ வரட்டும் என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது பக்கத்தில் டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. பதறி எழுந்தாள்.

"முக்கா மணி நேரம் தூங்கினீங்க. எழுப்ப மனசு வர்ல" என்றாள் ஷாஸியா. "வூடு கட்டி முடிச்சிட்டு ஜன்னலுக்கு வந்தீங்கன்னு நெனச்சேன். எதுக்குக்கா இது?"

சங்கமித்ரா சொன்னாள். லாரி, ஹாரன், பஞ்சு, மாத்திரைக் கிண்ணம். கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் தோன்றியது.

ஷாஸியா கால்குலேட்டரைத் தள்ளி வைத்தாள். "அப்டின்னா நீங்க கேட்ட ஜன்னலே தப்புக்கா. தள்ளு ஜன்னல்ல சந்து இருக்கும், சத்தம் பூந்துரும். கதவு மாதிரி தொறந்து மூடுறதுதான் இறுக்கமா உக்காரும். அதுவும் மூணு எதுக்கு? தூங்குற ரூமுக்கு ஒண்ணு போதும்."

உள்ளே குடோனில் அப்படி ஒன்று இருந்தது. யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனது. அகலம் மூன்று அங்குலம் அதிகம், சுவரை உடைத்துப் பொருத்த வேண்டும். இருபத்தாறாயிரம் பெறுமான சாமான், இருபதுக்குத் தருகிறேன் என்றாள் ஷாஸியா.

தூங்கி எழுந்ததாலோ என்னவோ, சங்கமித்ராவுக்கு இப்போது பேச்சு வந்தது. ஜன்னலின் அடிச்சட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தூசி அப்பியிருந்தது.

"எத்தினி மாசமா இங்க கீது?"

"எட்டு மாசம்."

"இன்னும் எட்டு மாசம் இருந்தாலும் இந்த அளவுக்கு எவன் வரப்போறான்? பதினாலு தரேன்."

"அய்யே, கண்ணாடி காசே அவ்ளோ ஆவும்க்கா."

"செவுரு ஒடைக்கிற கூலி என் தலையிலதான வுழும்?"

பதினெட்டு, பதினைந்து என்று இழுத்து, ஜன்னல் மாட்டுகிற கூலியும் கொசுவலையும் சேர்த்துப் பதினாறரையில் வந்து நின்றது. "முழுசா அடங்கும்னு சொல்ல மாட்டேன்க்கா. ஹாரன் லேசாக் கேக்கும்" என்றாள் ஷாஸியா. சங்கமித்ரா தலையாட்டினாள். லேசாகக் கேட்டால் போதும்.

செவ்வாய்க்கிழமை இரண்டு ஆட்கள் வந்து பழைய சட்டத்தைப் பெயர்த்தார்கள். வீடெல்லாம் சிமெண்டுத் தூசி. அன்றைக்கு அவள் தூங்கவே இல்லை, அப்படியே டூட்டிக்குப் போனாள். மறுநாள் வந்து ஜன்னலை மூடிக் கொக்கியைத் திருப்பினாள். லாரிகள் தூரத்தில் எங்கோ போவதுபோல் ஆகிவிட்டன. அறை மட்டும் அடுப்பு மாதிரி கொதித்தது. ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளியது. வேர்வையில் நனைந்து, நாலு மணி நேரம் தூங்கினாள். கரண்ட் போன நாட்களில் ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும், அப்போது பழையபடி இரண்டு மணி நேரம்தான்.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து, முகம் கழுவி, தெருக்கதவைத் திறந்தாள். செருப்பு விடுகிற இடத்தில் அன்பரசன் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிரிக்காத பிரியாணிப் பொட்டலம்.

"பதினோரு மணிக்கே வந்துட்டாரு. தட்டினாரு, போன் பண்ணாரு, நீதான் எழுந்துக்கல" என்றாள் எதிர்வீட்டு மலர்.

தோளைத் தொட்டு எழுப்பினாள். "ஜன்னல் கண்ணாடியத் தட்ட வேண்டியதுதானய்யா?"

"தட்டத்தான் போனேன்" என்றான் அவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே. "வாயப் பொளந்துகினு தூங்கிகினு இருந்த. சரி, கெடக்கட்டும்னு வந்துட்டேன்."

இரண்டு நாள் லாரியிலேயே கிடந்த வேர்வை வாடை அவன்மேல் அடித்தது. பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் போய்ப் படுத்தான். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, டூட்டிக்குக் கட்டிக்கொண்டு போகிற புடவையைத் துவைக்க உட்கார்ந்தாள்.