முன்னூற்று இருபது நொடிகள்

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எதற்கும் நேரம் குறித்து வைப்பது பழக்கம். இதற்கும் குறித்து வைத்திருக்கிறேன்.

அக்கா விபத்தில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். நினைவில்லை. தொண்டையில் குழாய். மாலை நான்கு முதல் நாலேகால் வரை வீட்டு ஆள் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள்.

சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் ஒரு வழக்கம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் பரீட்சையில் கோட்டை விட்டாலும், ஒரே இயர்போனைப் பங்கு போட்டுக்கொள்வோம். இடது அவளுக்கு, வலது எனக்கு. அவளுக்கு ஷோப்பானின் பியானோ உயிர். எனக்கு பிராம்ஸின் சிம்பொனிகள்.

"உன் ஆளு விஷயத்துக்கு வரவே அரை மணி நேரம் ஆகும்டி" என்று கிண்டல் செய்வாள். ஷோப்பான் ஓடும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு கூடவே ஹம்மிங் செய்வாள். நான் செய்ததே இல்லை. தனியாக இருந்தாலும் கூச்சம்.

நர்ஸிடம் அனுமதி கேட்டேன்.

"போடும்மா. அவங்களுக்குக் கேக்குதோ இல்லையோ, உனக்கு மனசு ஆறும்."

அக்காவுக்கு மிகவும் பிடித்த பியானோ இசையைப் போட்டேன். ஷோப்பான். ஐந்து நிமிடம் இருபது நொடி. இயர்போனில் வழக்கம்போல இடது அவள் காதில், வலது என் காதில்.

முதல் நாள், 4:03. பியானோவோடு ஒரு ஹம்மிங் கேட்டது. அக்காவின் குரல். திரும்பிப் பார்த்தேன். குழாய் அப்படியே இருந்தது. உதடு அசையவில்லை.

பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. ஹம்மிங் இசைக்கு முன்னால் போனது. பியானோ இருபது நொடி கழித்து வாசிக்கப்போவதை, அது இப்போதே பாடியது.

மறுநாள் முதல், கேட்பதை எல்லாம் கைபேசியில் பதிவு செய்தேன். அன்று நாற்பது நொடி முந்தியது. மூன்றாம் நாள் எண்பது. நான்காம் நாள் நூற்று அறுபது.

ஒவ்வொரு நாளும் இரட்டிப்பு.

அடுத்தது முன்னூற்று இருபது. அந்த இசையின் முழு நீளம். அதாவது பியானோ தொடங்கும் முன்பே... அவள் முடித்துவிடுவாள்.

வராந்தாவில் டாக்டரை மறித்தேன்.

"டாக்டர்... நாளைக்கு அக்காவுக்கு..."

"நாளான்னைக்கு குழாயை எடுத்துடலாம். நல்லாத் தேறிட்டாங்க. முதல்ல நீங்க தூங்குங்கம்மா."

என்னிடம் இருந்தவை நான்கு எண்கள். அவற்றை எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள். போகாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் அவள் தனியாக இருப்பாள். போனேன். ஷோப்பானைத் தொடவில்லை. என் பிராம்ஸைப் போட்டேன். நாற்பது நிமிடம். விஷயத்துக்கு வரவே அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்குமாவது...

4:02. பிராம்ஸுக்கு அடியில் ஹம்மிங் தொடங்கியது.

ஷோப்பான். முதல் சுரத்திலிருந்து.

இசையை நிறுத்தினேன். ஹம்மிங் நிற்கவில்லை.

இயர்போனைப் பிடுங்கினேன். வலது காதில் அப்படியே கேட்டது...

'நிறுத்துக்கா' என்று சொல்ல நினைத்தேன். பல் கிட்டிப்போயிருந்தது. நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மானிட்டர் திரையைப் பார்த்தார்.

"எல்லாம் நார்மலா இருக்கும்மா."

4:05. அக்காவின் கை சூடாக இருந்தது.

4:06.

4:07. கடைசி வரி...

இருபது நொடி.

முடிந்தது.

அப்போதுதான் மானிட்டர் அலறியது.

பத்து நாள் கழித்து, காரியம் முடிந்த பின், அக்காவின் குரலைக் கேட்க வேண்டும் என்றாள் அம்மா. பதிவுகளைக் கொடுத்தேன். நான்கையும் கேட்டாள். கடைசியாக ஐந்தாம் நாள் பதிவு முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல நீயும் சேர்ந்து பாடுறியேடி."

"இல்லம்மா."

"பெத்தவளுக்குத் தெரியாதா? முதல் மூணுல அவ மட்டும்தான். இதுல ரெண்டு பேரும். கடைசி வரைக்கும் பாடி முடிச்சிருக்கீங்க."

அன்று நான் வாயே திறக்கவில்லை.