மல்லாந்து படுக்கச் சொன்ன பயிற்சியாளர்

கர்ப்பத்தின் ஆறாம் மாதத் தொடக்கத்தில், காரில் ஏற வலது காலைத் தூக்கியபோதுதான் அந்த வலி முதலில் வந்தது. தொடைகள் சேரும் இடத்து முன்னெலும்பை யாரோ இருபுறமும் பிடித்துப் பிய்ப்பதுபோல. என் முகத்தைப் பார்த்த கணவர் செல்வா இன்ஜினை அணைத்துவிட்டார்.

மகப்பேறு மருத்துவர் அதற்கு சிம்ஃபிசிஸ் வலி என்று பெயர் சொன்னார் (இடுப்பின் முன்னெலும்புகளை இணைக்கும் மூட்டு கர்ப்பத்தில் தளர்ந்து வலிப்பது). "பிலாட்டீஸ் உடற்பயிற்சி செய்யலாம். ஆனா கர்ப்பிணிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும்," என்றார்.

அப்படி ஒருவரைத் தேடித்தான் சிங்கப்பூரின் ஜாலான் புசாரில், ஒரு கடைவீட்டு மாடியிலிருந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். எலுமிச்சைப்புல் வாசனை, சுவர் நிறையக் கண்ணாடி. பயிற்சியாளர் வனிதா கர்ப்பிணிகளுக்கான பயிற்சி பெற்றவர் என்று ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. இணையத்தில் ஒரே வார இறுதியில் முடித்த வகுப்பு அது என்று பிறகு தெரிந்தது. ஒரு வார இறுதியில் எனக்கு இடியாப்பம் பிழியக்கூட வராது.

என் வலியைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கைபேசியில் பாட்டு தேடினார். பிறகு என்னை மல்லாந்து படுக்கவைத்து, கால்களைப் பயிற்சிக் கருவியின் பட்டைகளில் மாட்டி, அகல விரிக்கச் சொன்னார்.

"அங்கதான் வலின்னு சொன்னேன்."

"பெயின் எல்லாம் மைண்ட்லதான் லா. மூச்சு விடுங்க, மம்மி."

என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சிரமத்தை அவர் மேற்கொள்ளவில்லை.

சிறிது நேரத்தில் காது அடைத்தது. கூரை விளக்கு மங்கியது. தலை சுற்றுகிறது என்றேன். "நல்லது, டாக்சின் வெளிய போகுது," என்றார்.

கால்களை நானே விடுவித்துக்கொண்டு இடப்பக்கம் உருண்டேன். மூட்டில் ஏதோ 'டக்' என்றது. அதன்பின் காலூன்ற முடியவில்லை. மாடிப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று வனிதா மேலிருந்து நினைவூட்டினார்.

செல்வா என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே முதலில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள்.

துடிப்பு சீராக இருந்தது. இயன்முறை மருத்துவர் நூருல் விளக்கினார்: மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய இரத்தக்குழாயை அழுத்தும், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், மயக்கம் வரும். பிலாட்டீஸை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, மூச்சோடு அடிவயிற்றை மெல்ல இழுக்கக் கற்றுக்கொடுத்தார். பிரசவம்வரை அதைச் செய்தேன். வலி தாங்கும்படி ஆனது.

இதே வலியோடு இதைப் படிப்பவருக்கு: தலைசுற்றல், இரத்தக்கசிவு, நீர் கசிவு, நெஞ்சுவலி, கூடும் மூட்டுவலி எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். யாருடைய அனுமதியும் வேண்டாம். நறுமணம் கமழும் அறையில் இருப்பவரின் அனுமதி அறவே வேண்டாம்.

மகள் பிறந்த சில வாரங்களில் ஒரு தோழி படம் அனுப்பினாள். அந்த ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில், பட்டைகளில் கால் மாட்டிக் கிடந்தேன். 'ஒளிரும் தாய்மை' என்று எழுதியிருந்தார்கள். வனிதாவை அழைத்து, படத்தை நீக்கச் சொன்னேன்.

"அழகாத்தானே இருக்கீங்க, எதுக்கு எடுக்கணும்?"

"அப்ப நான் மயங்கிட்டிருந்தேன்."

"படத்துல அது தெரியல. ஃபில்டர் போட்டிருக்கோம்."

மாலைக்குள் படத்தை நீக்கினார்கள். கூடவே, பிரசவத்துக்குப் பிந்தைய வகுப்பில் சேர அழைப்பும் வந்தது.

மூட்டு இன்னும் முழுதாகப் பழையபடி ஆகவில்லை. தேக்கா சந்தைக்குப் போகும் வழியில், சிராங்கூன் சாலையில் பச்சை விளக்கு மின்னத் தொடங்கினால் முன்பு ஓடிவிடுவேன். இப்போது மகளின் தள்ளுவண்டியோடு நிற்கிறேன். பின்னால் வருபவர்கள் முணுமுணுத்தபடி கடந்து ஓடுகிறார்கள். அடுத்த பச்சை வந்ததும் இடுப்பிடம் கேட்டுக்கொண்டுதான் காலை எடுத்து வைக்கிறேன்.