கதவுக்குப் பின்னால் இருந்த மூச்சு

எங்கள் ஸ்டூடியோவில் அவருக்குச் சத்தக்காரர் என்று பெயர். வாயைத் திறந்தால் நாலு வார்த்தை தேறாது. ஆனால் திரையில் கேட்கும் அத்தனை சத்தமும் அவர் கைவரிசை. முட்டைக்கோஸைத் திருகினால் இளவரசன் கழுத்து முறியும். பழைய குடையைப் படபடவென விரித்து மூடினால் டிராகன் பறக்கும். சந்தா கட்டிப் பார்க்கிற சேனல்களில் இந்த மாயாஜாலத் தொடர்கள் வந்த பிறகு மனுஷனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

எங்கள் தொடரில் ஒரு ராணி. செத்தவள். மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பாள். முகம் காட்டமாட்டாள், மூச்சு மட்டும் கேட்கும். அதற்காக அவர் பானைக்குள் ஊதினார், குழாய்க்குள் ஊதினார். இயக்குநருக்கு எதுவும் பிடிக்கவில்லை. அவசரத்தில் சத்தக்காரர் போனிலிருந்த பதிவுகளை மொத்தமாக இறக்கி, அதில் ஒன்றைப் போட்டுக் காட்டிய புண்ணியவான் நான்தான். இழுக்கும்போது ஒரு கீச்சு, நடுவில் ஒரு தயக்கம், பிறகு நீளமாக வெளியே. "இதுதான்" என்று மேசையைத் தட்டினார் இயக்குநர். சத்தக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அது அவர் மனைவியின் மூச்சு. டாக்டரிடம் போட்டுக் காட்ட வீட்டில் பதிவு செய்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது தொடர் பிய்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் யாரோ ஒருத்தர் போனில் ரிங்டோனே அந்த மூச்சுதான். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

"எடுத்துடச் சொல்லிக் கேப்போமா?" என்றேன்.

"இனிமே எங்க எடுக்கிறது? அத்தைக்குத் தெரியாம இருந்தா போதும். தெரிஞ்சா என் முகத்துல முழிப்பாங்களா? பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அத்தை என்றால் மாமியார். மகள் போன பிறகு அவருக்கு இவர், இவருக்கு அவர், வேறு நாதியில்லை. ஆனால் அத்தைக்கோ அந்தத் தொடர்தான் உயிர். எந்த ராஜா எந்த ராஜாவுக்குச் சித்தப்பா என்று ஒரு மண்ணும் புரியாது. ராணி வரும்போது மட்டும் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"அப்படி என்னதான் இருக்கு அத்தை அதுல?"

"நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

கடைசிப் பாகத்தில் கதவு திறக்கிறது, ராணி மறுபடி சாகிறாள். அதே பதிவில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார் இயக்குநர். இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு, சத்தக்காரர் தானே மைக் முன்னால் உட்கார்ந்தார். அதே கீச்சு, அதே தயக்கம். பிறகு மூச்சை நிறுத்திக்கொண்டார். இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியாதா? இயக்குநருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அவர் வீட்டில் இருந்தேன். ஜன்னல் வழியாக மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாவற்றிலிருந்தும் ஒரே மூச்சு, கொஞ்சம் முன்னே பின்னே வந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. மூச்சு நின்றது.

அத்தை திரையைப் பார்க்கவில்லை. மருமகனைத் திரும்பிப் பார்த்தார்.

"இது நீங்க விட்டது மாப்பிள்ளை. இத்தனை நாளா இருந்தாளே, அவ எங்க?"

சத்தக்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அந்தப் பதிவை ஓடவிட்டு, அத்தை கையில் கொடுத்தார். அதைக் காதோடு அணைத்துக்கொண்டவர், டிவியை அணைக்கச் சொல்லி என்னிடம் கை காட்டினார்.