எங்கள் பள்ளிக்கூடத்தில் விழுந்த ஒரு வாக்கு

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் என் மகள், போன கிழமை கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தெற்கின் தலைவர் ஒருவருடைய தேர்தல் வரலாறு, அட்டவணையாக. நின்றவை, வென்றவை, தோற்றவை, நடுவில் ஒரு கட்சி மாற்றம், கடைசியில் நாட்டின் பெரிய கதிரை. ஒரு மனிதரின் ஆயுள் முழுவதும், விரலால் இரண்டு தரம் தள்ளினால் முடிந்துவிடுகிறது. அந்தப் பெரிய தேர்தலில் எந்த மாவட்டத்தில் எவ்வளவு விழுந்தது என்பதும் கீழே இருந்தது. மகள் எங்கள் மாவட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா, உவருக்கு எங்கடை பக்கத்திலை ஏன் இப்பிடி ஒண்டுமில்லாமல் கிடக்கு?"

"அதிலை ஒண்டு நான் போட்டது," என்றேன்.

"உங்களுக்கு அப்ப எத்தினை வயசு?"

"ஒன்பது."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். உண்மையில் நான் போடவில்லை. ஆனால் ஊர் அப்படித்தான் நம்பியது. நம்பியது என்பதும் சரியில்லை. நம்புவது என்று ஊர் முடிவெடுத்தது.

அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்துப் புத்தூரில் இருந்தோம். செம்மண்ணும் வாழையும் புகையிலையும் சூழ்ந்த வளவு. அதில் இரண்டு வீடுகள். ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் அப்பாவின் அக்கா, என் மாமி, தனியாக. மாமா எப்போதோ காலமாகிவிட்டார். மாமியின் ஒரே மகன், என் அத்தான், வேலை தேடிக் கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு, தெற்கே ஏதோ ஒரு தடுப்பு முகாமில் இருந்தார். முதலில் கடிதம் வந்தது. பிறகு கடிதம் வரவில்லை. தபால்காரர் எங்கள் ஒழுங்கையில் திரும்பும்போதெல்லாம் சைக்கிள் மணியை அடிக்காமல் போகப் பழகிக்கொண்டார்.

அந்தத் தேர்தலில் யாரும் வாக்களிக்கக் கூடாது என்று மதில்களில் எழுதியிருந்தது. பெடியள், துவக்கெடுத்த இயக்கத்துப் பிள்ளைகள், எழுதியது. எங்கள் மதிலிலும் எழுதினார்கள், நல்ல எழுத்து, பிழை இல்லை. அப்பா அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார். ஊரில் அநேகம் பேருக்கு அதில் மறுப்பும் இருக்கவில்லை. தெற்கில் யார் வென்றால் எங்களுக்கென்ன என்ற களைப்பு எல்லா வீட்டிலும் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்த காலம்.

மாமிக்கு மட்டும் அந்தக் களைப்பு இல்லை. அந்தத் தலைவர் தன் மேடைகளில், குற்றம் சாட்டாமல் அடைத்து வைத்திருக்கிற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவேன் என்று சொன்னதாக வானொலி சொல்லியிருந்தது. அன்றிலிருந்து மாமி அவரைப் படிக்கத் தொடங்கினார். எங்கே நின்றார், எங்கே வென்றார், எந்த வருடம் எந்தக் கட்சியை விட்டார், யார் அவரைக் கவிழ்த்தது. அத்தானின் சாதகத்தைவிட அந்தத் தலைவரின் தேர்தல் கணக்கு மாமிக்கு நன்றாகத் தெரியும். அதில் அவர் பிடித்துக்கொண்டது ஒரு தோல்வியை. முந்தின முறை அந்தத் தலைவர் கொஞ்ச வாக்கால் தோற்றிருந்தார்.

"தோத்த மனிசனுக்கு ஒவ்வொரு வோட்டும் கண்ணுக்குத் தெரியும்," என்று எங்கள் குசினியில் இருந்து மாமி சொன்னார். "ஊரே போட்டால் என்ரை ஒண்டு ஆருக்குத் தெரியப்போகுது? ஒருத்தரும் போடாத இடத்திலை ஒண்டு விழுந்தால், ஆர் ஏன் போட்டதெண்டு கேக்கமாட்டாரோ?"

அம்மா திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டே சொன்னார்: "மச்சாள், இஞ்சை கேக்கிறவையும் இருக்கினம்."

"கேக்கட்டும்," என்றார் மாமி.

தேர்தலன்று மத்தியானம் மாமி ஒரு ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கையில் பிடித்தார். தோட்டத்துக்குப் போகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். வாழைகளுக்கு இடையால், தண்ணீர் விட்ட வாய்க்கால் வரம்பால், வேலிப் பொட்டுக்கால் குனிந்து நுழைந்து போய் நாங்கள் வெளிவந்த இடம் என் பள்ளிக்கூடம். ஒழுங்கைகளில் ஒரு நாய்கூட இல்லை. வாசலில் இரண்டு பொலிஸ்காரர் நிழலைத் தேடித் தேடி நின்றார்கள்.

என் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. என் வாங்கில் ஓர் உத்தியோகத்தர் நித்திரை. இன்னொருவர் கையால் விசிறிக்கொண்டிருந்தார். மாமியைக் கண்டதும் எல்லோரும் எழும்பிவிட்டார்கள், ஒருவரும் வராத கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஆள் வந்ததுபோல. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், மாமியின் பெயரைச் சத்தமாக வாசித்தார்கள், கேட்க யாரும் இல்லாத அறையில் அந்தப் பெயர் கரும்பலகையில் முட்டி நின்றது. மாமியின் இடக்கைச் சின்னவிரலில் மை பூசினார்கள். அவர் மட்டை மறைப்புக்குப் பின்னால் போய்ப் புள்ளடி போட்டார். ஒரு புள்ளடி போட அவ்வளவு நேரமா என்று எனக்கு இருந்தது. கடதாசி பெட்டிக்குள் விழுந்தபோது அடியில் தட்டிய சத்தம் கேட்டது. வெறும் பெட்டி.

மாமி போகவில்லை. நின்றார்.

"தம்பி, உது எண்ணேக்கை எந்தப் பள்ளிக்கூடத்துப் பெட்டி எண்டு தெரியுமோ?"

"பெட்டியிலை இலக்கம் இருக்கும், அம்மா. போட்ட ஆளின்ரை பேர் வராது, பயப்பிடாதேங்கோ."

"பேர் வேண்டாம். ஊர் தெரிஞ்சால் காணும்."

உத்தியோகத்தர் மாமியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் சின்னவிரலை நீட்டிக்கொண்டு நின்றேன். நாள் முழுக்க வேலையில்லாத மனிதர். தூரிகையைத் தோய்த்து என் நகத்திலும் ஒரு கோடு இழுத்தார். "சரி, இப்ப நீரும் போட்டாச்சு," என்றார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் சொன்னால் சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் இருவரின் கைகளையும் பார்த்தார். தோட்டத்துக்குப் போய்ப் பூ விரியாத இரண்டு வாழைப்பொத்தி முறித்துக்கொண்டு வந்து, கத்தியை மாமியிடம் கொடுத்தார். என்னையும் உட்காரவைத்தார். பொத்தியின் கயர் பிடித்தால் விரல் கறுத்துப்போகும், எந்தச் சவர்க்காரத்துக்கும் விடாது. அன்று பின்னேரம் எங்கள் மூன்று பேருடைய விரல்களும் ஒரே நிறம். அன்றிரவு பொத்தி வறை. அடுத்த நாளும் பொத்தி வறை. அதற்கடுத்த நாள் பொத்தி வடை. அப்பா கோப்பையைப் பார்த்தார், மாமியின் விரலைப் பார்த்தார், சாப்பிட்டார். எனக்கு வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடம் மறிக்கப்பட்டது. குத்தவேயில்லை, ஆனால் பொத்தி தின்று தின்று மூன்றாம் நாள் உண்மையாகவே குத்தியது.

இதற்குள், பெட்டியோடு திரும்பிய உத்தியோகத்தர்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இறங்கி, நாள் முழுக்க ஒண்டே ஒண்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இரகசிய வாக்கெடுப்புத்தான். ஆனால் ஒன்றே ஒன்றை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

தலைவர் வென்றார். காலைச் செய்தி கேட்டதும் மாமி சிரிக்கவில்லை, கும்பிடவில்லை. அத்தானின் சேட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டார். அவை காற்றில் கை வீசிக்கொண்டிருந்தபோதுதான் சைக்கிளில் ஒருவன் வந்தான். அத்தானோடு ஒரே வகுப்பில் படித்தவன். முன்னர் எங்கள் முற்றத்தில் பந்தடித்தவன். இப்போது பெடியளோடு நின்றான். மாமி அவனை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.

"அம்மா, எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒரு வோட்டு விழுந்திருக்காம்."

"அப்பிடியோ."

"ஆரெண்டு பாத்துக்கொண்டு வரச் சொன்னவை."

"நான் எங்கை தம்பி வெளியிலை வெளிக்கிடுறன்."

அவன் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுத்து, அதைக் கொடுத்த கையைப் பார்த்தான். "கையெல்லாம் கறுப்பு."

"பொத்தி நறுக்கினனான்."

"முந்தநாளும் பொத்தியெண்டு கேள்வி."

"தோட்டத்திலை கிடக்கிறதை எறியேலுமோ?"

அவன் என் பக்கம் திரும்பினான். "உமக்கும் கறுப்பு. நீரும் நறுக்கினனீரோ?"

அம்மா எனக்கு விடை பாடமாக்கித் தந்திருந்தார். ஓம், பொத்தி. இரண்டே சொல். ஆனால் மூன்று நாளாக ஒளித்து வைத்த பெருமை தொண்டைவரை வந்து நின்றது.

"இல்லை," என்றேன். "எனக்கு இது மை. நான்தான் வோட்டுப் போட்டனான்."

குசினியில் திருவலைச் சத்தம் நின்றது. மாமியின் முகத்தை நான் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஆருக்குப் போட்டனீர்?"

"எந்தச் சின்னம் வடிவோ அதுக்கு."

அவன் சிரிக்கத் தொடங்கினான். முதலில் சும்மா, பிறகு உண்மையாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு. படலையடியில் சைக்கிளைத் திருப்பும்போது மாமிக்கு மெல்லச் சொன்னான்: "இனிப் பொத்தி காணும், அம்மா. வேறை ஏதும் சமையுங்கோ."

பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க அந்தக் கதை. சாவடிக்காரர் பொழுதுபோகாமல் ஒரு சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டுப் புள்ளடி போடவிட்டார்களாம். கடைக்குப் போனால், "வாக்காளர் வந்திட்டா, வழி விடுங்கோ," என்று முதலாளி எனக்கு ரொபி தந்தார். வகுப்பில் என் வாங்கில் இருக்கச் சண்டை. மாமி எப்போது போனார், எந்த வேலியால் வந்தார் என்று கண்டிருக்கக்கூடிய ஆட்கள்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்கள். அப்பா தேர்தலுக்குப் பிறகு முதல்முறையாக இரண்டாம் தரம் சோறு வாங்கினார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பட்டணத்துப் பத்திரிகை ஒன்றில் அது சின்னத் துணுக்காக வந்தது. வலிகாமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் புதிய தலைவருக்கு விழுந்த ஒரேயொரு வாக்கும் ஒரு சிறுமி விளையாட்டாகப் போட்டது என்று. அப்பா அதைச் சத்தமாக வாசித்தார். மாமி கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கினார். கண்ணாடி போட்டு வாசித்தார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் எடுக்கும் ஆள் இல்லை அவர். மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். கொடியில் இருந்த சேட்டுகளை எடுத்து உள்ளே கொண்டுபோனதைக் கண்டேன்.

அத்தான் அந்தத் தலைவரின் காலத்தில் வரவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களின் காலத்திலும் வரவில்லை.

தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவது மாமிதான். பத்திரிகை வந்த பிறகு நாலு நாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. அம்மா பின்னினார், கோணலாக. ஐந்தாம் நாள் நானாகவே சீப்பையும் ரிபனையும் எடுத்துக்கொண்டு போய் மாமியின் முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பிறகு சீப்பு என் தலையில் பட்டது.

"கோவமோ மாமி?"

"இல்லை."

"பேப்பரிலை வந்ததுக்கோ?"

சீப்பு நின்றது. "விளையாட்டுக்கு எண்டு எழுதிப்போட்டாங்கள், பிள்ளை," என்றார் மாமி. என்னிடம் சொன்னதுபோல இருக்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வெயிலில் நடந்தவர் அவர், புள்ளடி போட்டவர் அவர், பேர் வந்தது எனக்கு. ஒன்பது வயதில் நியாயம் மிகப் பெரிய விஷயம். அதைச் சரிக்கட்ட விரும்பினேன்.

"என்ரை பேரையும் போடேல்லைத்தானே மாமி," என்று ஆறுதல் சொன்னேன். "அடுத்த முறை நீங்கள் போடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"ஓம்," என்றார் மாமி.

மூன்று புரியையும் சேர்த்துப் பிடித்து இறுக்கிப் பின்னினார். நெற்றித்தோல் இழுபட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு நாள் கழித்து மாமி எனக்கு வடிவாகப் பின்னிவிடுகிறார் என்ற சந்தோஷத்தில், அசையாமல் இருந்தேன்.