முழங்கை நனையும் ஆழம்

அடியில் கிடக்கும் கல் தெரிகிற தண்ணீரில்தான் மீன் கொழுக்கும் என்று நம்பியிருந்தேன். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன் வளர்த்த மமதை. சம்பந்தியை நினைத்தால், தண்ணீருக்குள் முழங்கைவரை இறங்கிய அவருடைய கைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

சம்பந்தி என் மகளின் மாமனார். எலப்புள்ளியில் அவருக்குத் தென்னந்தோப்பு, அதன் நடுவே மீன்குளம். பேரனின் காதுகுத்து விருந்துக்கு நம் குளத்துக் கட்லா மீன்தான் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டு, குளத்தை என்னிடம் ஒப்படைத்து, தம்பியின் ஏலக்காய்த் தோட்டத்தில் அறுவடை பார்க்கச் சக்குபள்ளம் போனார். "தவிடும் புண்ணாக்கும் போட்டாப் போதுமுங்க சம்பந்தி. வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க" என்றார். இரண்டாவது வாக்கியம் எனக்குக் காதில் விழவே இல்லை.

வெயில் ஏறியதும் குளம் கீரை மசியல்போலப் பச்சையானது. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். மகள் பெட்டியோடு வாசலில் நிற்பதுவரை என் கற்பனை ஓடியது. மோட்டாரைப் போட்டுப் பச்சைத் தண்ணீரையெல்லாம் தென்னைக்குப் பாய்ச்சினேன். போர்வெல் தண்ணீரை நிரப்பினேன். மறுபடி பச்சை தட்டினால் மறுபடி மோட்டார். தென்னை கொழுகொழுவென்று ஆனது.

அறுவடை முடிந்து சம்பந்தி திரும்பி வந்தார். கரையில் குந்தி, முழங்கைவரை கையை விட்டார்.

"வெரலெல்லாம் எண்ணிக்கலாமுங்க சம்பந்தி."

"கெணத்துத் தண்ணியாட்டம் வெச்சிருக்கனுங்க" என்றேன், பாராட்டென்று நினைத்து.

"மனுசன் குடிக்கிறதுக்குன்னா ஒரு கொறையும் இல்லீங்க. கட்லாவுக்கு அந்தப் பச்சைதானுங்க சோறு."

முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைய வேண்டும், அதுதான் அளவு என்றார். பெண் கொடுத்தவனைத் திட்டுகிற வழக்கம் அவர்கள் பக்கம் கிடையாது. வேறு ஆளாயிருந்தால் சத்தம் கோவிந்தாபுரம்வரை கேட்டிருக்கும். சாணி போட்டால் பச்சை ஏறும் என்றதும், பதறிப்போய்ச் சாணிக் கூடையைத் தூக்கினேன். கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே நாள்ல பந்தி வெச்சா மூச்சு முட்டிச் செத்துப்போயிருமுங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான்."

மீன் ஒன்றும் சாகவில்லை. உள்ளங்கை நீளத்துக்குமேல் வளரவும் இல்லை. காதுகுத்து விருந்துக்குச் சந்தையில் மீன் வாங்கினோம். 'குளத்து மீன் நல்ல ருசி' என்று சொல்லிச் சாப்பிட்டவர்களிடம் சம்பந்தி தலையாட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது அவருக்கு முட்டிவலி. கோயமுத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். குளம் என் பொறுப்பு. போனில் நலம் விசாரித்துவிட்டு, "வெரல எண்ண முடியுதுங்களா?" என்பார். போய்க் கையை விட்டுப் பார்க்கிறேன். முழங்கை நனைகிறது. விரல் தெரியவில்லை.