ஏத்த மூச்சு

ரப்பர் பால் ஏற்றிய பவுசர் லொறி கடந்து போனால், அந்தப் புளித்த வாடையில் ஒரு சொல் இன்னமும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது: ஏத்த மூச்சு.

இரத்தினபுரியில் ஒரு வாடகை அறை, ஒரு கணினி, நாள் முழுக்கச் சிங்களம். தோட்டத்து டிஸ்பென்சரிகள் எழுதிவந்த நோய்ப் பெயர்களை ஆஸ்பத்திரிப் பெயர்களோடு சேர்ப்பது என் வேலை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பெயர்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தாய்ப்பெயரின் கீழ் வைக்க வேண்டும். வாரக்கணக்கில் நான் தமிழ் பேசியது அந்தத் திரையோடுதான். அதுவும் நோய்களைப் பற்றி.

ஏத்த மூச்சு எங்கும் அடங்கவில்லை. ஆஸ்துமா, இரத்தசோகை, பலவீனமான இதயம் என்று எல்லா வாசலிலும் போய் நின்றது. ஒரே ஒரு தோட்டம்தான் அதை எழுதியிருந்தது. அது இருந்த பெல்மதுளைக்குப் பஸ் ஏறினேன்.

மேடு ஏறினால் மூச்சடைப்பவர்களுக்கு அங்கே டிஸ்பென்சரியில் அப்படி எழுதித் துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். துண்டைப் பார்த்த கங்காணி, மலையை விட்டு ரோட்டோர ரப்பர் மரங்களைப் பால் வெட்டத் தருவார். என்ன நோயென்று கேட்பதில்லை. இனித் துண்டைக் கணினிதான் அச்சடிக்கும். பட்டியலில் இல்லாத பெயர் துண்டில் வராது.

துண்டோடு மிச்சமிருந்தவர் ஓர் அக்கா. பிள்ளைகள் கொழும்பில். லயத்து வீட்டு வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் பெயர்களை அடுக்கி விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு இளைப்புக்கு இத்தன பேரு வைப்பாங்களா? இங்க அஞ்சு வீட்டுக்கு ஒரு பைப்புதாங்க." சிரித்ததிலேயே அவருக்கு மூச்சு இளைத்தது. "ஆஸ்பத்திரியில பாத்தாங்க. நீங்க சொன்ன பேருல ஒன்னும் எனக்கு இல்லயாம். இந்தப் பேரையும் எடுத்துட்டா மலைக்கு அனுப்பிருவாங்க. அங்க விழுந்தா கூப்புட ஆளில்லங்க."

அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போனில் கோல் எடுத்தேன். தாயில்லாமல் ஒரு பெயரையும் விடாதே என்றார் சிங்களத்தில். ஒரு மனுஷியால் எது முடியாது என்று சொல்கிற பெயர் இது, நோய்களுக்குள் இதற்குத் தாய் கிடைக்காது என்றேன்.

"சரி, தனியாகவே இருக்கட்டும்," என்றார்.

தனியாக. அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பஸ் ஹோர்ன் கேட்டது. அக்கா ரோடு வரை மெதுவாகக் கூட வந்தார்.

"அப்ப நாளைக்கு எனக்கு எந்த மரங்க?"

"ரோட்டு மரந்தான்க்கா."

"அப்ப இந்தப் பக்கம் போனா எட்டிப் பாருங்க. காலையில வெள்ளன நான் இங்கதாங்க நிப்பேன்."