சுமலதாவின் கட்டைவிரல்

சுமலதாவால் ஓரிடத்தில் நிற்க முடியாது. லிஃப்ட் வரும்வரை பொறுக்க மாட்டாள், மூன்று மாடியும் படியேறியே வருவாள். டீ ஆறட்டும் என்று விடவும் மாட்டாள், நாக்கைச் சுட்டுக்கொள்வாள். செகந்திராபாத்தில் எங்கள் சின்னக் கம்பெனியில் அவளுக்கு வாய்த்த வேலையும் ஓடுவதுதான். மொபைல் விளையாட்டில் ஒரு பெண் ஓடிக்கொண்டே இருப்பாள், அந்த ஓட்டத்துக்கு முடிவு கிடையாது. தடை வந்தால் விரலால் தள்ளி அவளைத் தாண்டவைக்க வேண்டும். வெளியிடும் முன் ஆடிப் பார்த்துக் கோளாறு சொல்வது சுமலதாவின் பொறுப்பு. தினம் எட்டு மணி நேரம், இரண்டு வருஷமாக. கான்ட்ராக்ட் வேலை, அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது.

இந்த முறை தீவுப் பதிப்பு. தென்னை, மூங்கில் பாலம், கடல் எல்லாம் நான் வரைந்தவை. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து ஆறு வாரம் அலை வரைந்திருக்கிறேன். கடல் எப்படி இருக்கிறது என்று அவளிடம் ஆசையாகக் கேட்டேன்.

"எந்தக் கடல்?" என்றாள், பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

ஓட்டத்தின் வேகத்தை முடிவு செய்ததும் அவள்தான். ரொம்ப ஸ்லோ, தூக்கம் வருகிறது என்று மூன்று முறை எழுதினாள். டீம் லீட் அபிநவ் மூன்று முறையும் கூட்டினான். அவள் சொன்னால் எங்களுக்கு அப்பீல் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு வெளியீடு என்று முடிவானது.

வியாழன் மாலை, திருமுல்கேரி வீட்டில் அவள் புருஷன் முரளி அவளுடைய போனை வாங்கி ஆடிப் பார்த்தான். நாச்சாரத்தில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். கை பதறாத, நிதானமான ஆள். முதல் மூங்கில் பாலத்திலேயே விழுந்தான். அடுத்த தடவையும் அங்கேதான். பதினோராவது தடவை விழுந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"நக்கோ லதா, வேணாம். இதெல்லாம் உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பஸ் சிக்னலில் நின்றதும் இறங்கி, மீதி வழியை நடந்தே வந்தாள். மணி பத்தரை. என் மேஜை பக்கத்தில் மூச்சு வாங்க நின்றாள்.

"எனக்கு கேம்ல இந்த ரோடு மனப்பாடம். அத வெச்சு ஊருக்கே ஸ்பீடு சொல்லிட்டேன்."

அபிநவ் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன், அவளை அக்கா என்பான். விஷயத்தைக் கேட்டதும் எரிந்து விழுந்தான்.

"நீங்கதான ஓகே போட்டீங்க அக்கா?"

"ஹவ், போட்டேன். தப்பா போட்டேன்."

"உங்க வீட்டுக்காரருக்கு ஆடத் தெரியலன்னா நான் என்ன பண்றது?"

அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், போனை மேஜைமேல் வைத்து, பழக்கமில்லாத இடது கட்டைவிரலால் ஆடினாள். பாலத்தில் விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். ஐந்தாவது முறை அபிநவ் வாங்கித் தன் இடது கையால் ஆடினான். அவனும் விழுந்தான்.

"சரி, குறைச்சிடலாம்," என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "ஆனா உங்க கைய நம்ப முடியாதுன்னா நீங்க எதுக்குன்னு மேல கேப்பாங்க அக்கா."

"கேக்கட்டும். அதையும் ரிப்போர்ட்ல எழுதிட்டேன்."

எழுதித்தான் இருந்தாள். என் கை பழகிவிட்டது, வேகம் பார்க்கப் புது ஆள் வேண்டும் என்று தெளிவாக இரண்டே வரி.

பதினொன்று ஐம்பதுக்கு வேகம் குறைந்த பதிப்பை அனுப்பினோம். ஜனங்கள் பாலத்தைத் தாண்டி ஓடினார்கள். இரண்டு வாரத்தில் சாஹித்யா என்று ஒரு புதுப் பெண் வந்தாள். சுமலதாவின் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு இதுவா என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கடைசி நாள் பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். உட்காரப் பொறுமையில்லாமல், நின்றபடியே இடது கையால் ஆடினாள். விழுந்தால் ஆட்டம் இரண்டு நொடி அப்படியே உறைந்து நிற்கும், அப்போது பின்னால் கடலும் தெரியும். விழுந்தாள்.

"கடல் நல்லா இருக்குங்க," என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் விரல் அடுத்த ஓட்டத்தை அழுத்திவிட்டது.